தெருமரத்துக்கு யார் செலவு செய்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடமாகச் சென்னைத் தெருக்களில் கன்று நடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கவாத்து செய்வதும் (கிளை கழிப்பதும்) தான் என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, எங்கள் தெருவில் 40 வீடுகள். வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து 20,000 சேர்த்திருக்கிறோம். எத்தனை கன்று வாங்கலாம்? (பெரம்பூர்)

பத்து கன்று போதும் அம்மா. கன்றின் விலை இதில் சின்னச் செலவுதான். கூண்டு, நல்ல மண், எரு, அப்புறம் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், இவற்றுக்குத்தான் பணம் போகும். மூன்றாவது கோடையைத் தாண்டிய கன்று பெரும்பாலும் தன் வேரைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை உங்கள் வசூல் தாக்குப்பிடிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். மார்ச் முதல் ஜூன் வரை சுமார் 17 வாரம். வாரம் இரண்டு முறை, ஒரு கன்றுக்கு 20 லிட்டர். பத்து கன்றுக்கு ஒரு கோடை முழுக்க 6,800 லிட்டர்தான் ஆகும். 9,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் குறைவு. மொத்தமாகக் கொட்டாமல், பழைய 20 லிட்டர் குடிநீர் கேனின் அடியில் ஊசித் துளை போட்டுக் கன்றின் பக்கத்தில் வையுங்கள். சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கும். இன்று யார் முறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்ட தெருக்களில் கன்று மே மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

எங்கள் நிறுவனம் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணத்தில் ஒரே நாளில் 500 கன்று நடலாம் என்கிறது. என்ன சொல்வது? (வேளச்சேரி)

நூறு நடுங்கள், மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லுங்கள் தம்பி. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு பணியைத் தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை அதற்குச் செலவு செய்யலாம். மரத்துக்கு வேண்டிய மூன்று கோடையும் அதற்குள் அடங்கிவிடும். மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை மரம் உயிரோடு நிற்கிறது என்பதை வைத்துக் கடைசித் தவணையைக் கொடுக்கும்படி ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள்.

சொத்து வரி கட்டுகிறோமே சார், நாங்கள் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? (மயிலாப்பூர்)

நியாயமான கேள்வி. தெருமரம் மாநகராட்சியின் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வார்டில் பகுதிவாரியாக மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். ‘மரம் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். இன்ன தெருவில், இன்ன இடங்களில், இத்தனை குழி, இத்தனை வருடப் பராமரிப்பு என்று எழுத்தில் கொடுங்கள். மழைநீர் வடிகாலோ நடைபாதையோ போடப்போகிறார்கள் என்றால், மதிப்பீடு தயாராகும்போதே மரத்தைச் சுற்றி மண் விடுவதையும் வேரைக் காப்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய பிறகு சொன்னால் ஒப்பந்ததாரரிடம் அதற்குப் பணம் இருக்காது.

தெருவே கொஞ்சம் போடத் தயார் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும்.

வீட்டு வாசலில் உள்ள வேப்பமரத்தை ஒட்டி சிமென்ட் பூசிவிட்டார்கள். நானே உடைக்கலாமா? (மேற்கு மாம்பலம்)

முதலில் மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கிவிடுங்கள். அப்புறம் வார்டு அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் ஆளை வைத்தே செய்யுங்கள். ஜேசிபி வேண்டவே வேண்டாம், உளியும் கடப்பாரையும் போதும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இல்லாமல் இருக்க வேண்டும் என்று 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கில் உத்தரவிட்டது. அந்த அளவையே நீங்களும் கேளுங்கள்.

போன வருடம் இப்படி ஒரு வேம்பைத் திறந்தோம். சிமென்ட் வளையத்தின் மேல் பட்டை உதடு பிதுங்கியதுபோல் மடிந்து உட்கார்ந்திருந்தது. கீழே மண் மாவு போலக் காய்ந்து கிடந்தது. மேலோட்டமான வேர்கள் எல்லாம் ஓரமாக இருந்த ஒரே ஒரு விரிசலை நோக்கித் திரும்பியிருந்தன. இரண்டு கூடை மக்கிய எரு போட்டுவிட்டு வந்தோம். ஐப்பசி மழையில் புதுத் துளிர் வந்துவிட்டது.

வர்தா புயலில் எதிர்வீட்டு மரம் விழுந்தது. எங்கள் வாசல் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தாலே பயம். மழைக்கு முன் வெட்டிவிடலாமா? (அண்ணா நகர்)

உங்கள் பயம் புரிகிறது. 2016 டிசம்பர் 12 அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. மறுநாள் சாய்ந்த மரங்களைத் தூக்கும்போது நான் பார்த்த வேர்ப்பகுதி பல இடங்களில் ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் வடிகால் சுவர், மறுபக்கம் சாலை. வேர் எங்கே போகும்?

சாய்ந்த மரமெல்லாம் விழும் மரம் இல்லை. பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்தது உறுதியாக நிற்கலாம். புதிதாகச் சாய்ந்தால், அடியில் மண் வெடித்தால், தூரில் காளான் முளைத்தால், தட்டும்போது வெற்று ஒலி வந்தால் உடனே ஆள் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து போதும். காய்ந்த கிளை, உரசும் கிளை, வீட்டின் மேல் நீளும் கிளை இவற்றை மட்டும் கழியுங்கள். மொத்தப் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கம்பி போகிறது என்று ஒரே பக்கம் வெட்டினால் பாரம் மறுபக்கம் போய்விடும். தலையை மொட்டையடித்தால் அங்கே கொத்தாக வரும் கிளைகள் பலமில்லாதவை, அடுத்த புயலில் அவைதான் முதலில் முறியும். முழுவதுமாக வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் என்ன மரம் வைப்பது? (திருவான்மியூர்)

புன்னை, பூவரசு, புங்கம். மேலே மின்கம்பி இருந்தால் மந்தாரை.

ஆர்ஓ கழிவு நீரை ஊற்றலாமா? (போரூர்)

தினமும் வேண்டாம், உப்பு மண்ணில் சேர்ந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள்.

அண்ணா, நாங்கள் நட்ட கன்றை மாடு கடித்துவிட்டது. குச்சிதான் மிச்சம். பிடுங்கிவிடவா? (வியாசர்பாடி)

பிடுங்காதே தம்பி. நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கடிபட்ட நுனியைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டு, கூண்டை ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்று, தண்ணீரை நிறுத்தாதே. சில வாரத்தில் கணுவிலிருந்து துளிர் வரும். இரண்டு மூன்று வந்தால் நேராகப் போகும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடு.