பேச்சுக் காட்சி வந்தால் ஃபைட்டர் போனை எடுத்துவிடுகிறார் என்றால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டில், பேச்சுக் காட்சி வந்தாலே ஃபைட்டராக (சண்டை வீரராக) ஆடுபவர் போனை எடுக்கிறார் என்பதுதானே உங்கள் கவலை? உதாரணமாக, ஒரு விருந்துக் காட்சியில் பிரபு ஒருவரை மட்டும் வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் மூன்று வேலை நடக்கட்டும். பார்ட் (பாடகர் பாத்திரம்) பிரபுவிடம் பேசும்போதே, வாசலில் நிற்கும் பழைய சிப்பாய் போர்க்களம் பார்த்தவனிடம், அதாவது ஃபைட்டரிடம் மட்டும் வாய் திறப்பான். மாடியறைச் சாவி ரோகின் (திருட்டுத் திறமையுள்ள பாத்திரத்தின்) கண்ணில் படும்.

உங்கள் ஃபைட்டருக்கு ஆர்வமில்லை என்று தோன்றவில்லை. எல்லாமே ஒரு பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறன்) உருட்டலில் முடிவதுதான் காரணமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் பகடை எண்ணோடு கூட்ட +7 வைத்திருக்கும்போது -1 வைத்திருப்பவர் ஏன் பேசப் போகிறார்? நானும் பேசமாட்டேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 கையேட்டிலேயே மருந்து இருக்கிறது. குழுச் சோதனையில் எல்லோரும் உருட்டுவார்கள். பாதிப் பேராவது ஜெயித்தால் குழுவே ஜெயித்த கணக்கு. அப்புறம், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒப்புக்கொண்டால் மிரட்டலுக்குக் கரிஸ்மாவுக்கு (ஆளுமைக் கவர்ச்சி மதிப்புக்கு) பதில் வலிமையைக் கூட்டலாம். மேசையைக் கையால் பிளக்கிற ஃபைட்டர் பயமுறுத்த மாட்டாரா என்ன?

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் காட்சிகளைக் கீழாகவும் பாத்திரங்களைக் குறுக்காகவும் எழுதி, யாருக்கு எங்கே வேலை என்று குறியுங்கள். யாருக்காவது அடுத்தடுத்து இரண்டு கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை மாற்றுங்கள்.

ஆனால் கதை நகர ஒரே ஆளின் திறமைதான் வழி என்று பூட்டிவிடாதீர்கள். அவர் வராத அன்று எல்லோரும் மாட்டிக்கொள்வீர்கள். சிலருக்கு வேடிக்கை பார்ப்பதே பிடிக்கும். அதையும் உங்கள் ஃபைட்டரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.