குளிரில் நடக்கும் வேதியியல் – கடிதம்

வணக்கம் ஐயா,

எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசு வளையங்களை ஆல்மா தொலைநோக்கி படம்பிடித்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ‘வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வினைவேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்’ என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். நீங்களோ நட்சத்திரம் பிறக்கப்போகும் மேகத்தில், மைனஸ் 260 டிகிரிக்கும் கீழே, மெத்தனால் என்ற எளிய ஆல்கஹால் உருவாகிறது என்கிறீர்கள். எங்கள் கணக்குப்படி அங்கே எதுவுமே நடக்கக் கூடாதே? ‘விண்வெளியில் சாராயம்’, ‘நட்சத்திரத்தைச் சுற்றிச் சர்க்கரை’ என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். உண்மையாகவே இருந்தாலும், அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

செல்வி

அன்புள்ள செல்வி,

கரும்பலகையில் இருப்பதை அழிக்க வேண்டாம். கிளர்வு ஆற்றல் என்ற மேட்டை ஏறிக் கடக்க வேண்டிய வினைகளுக்கு அந்த விதி சரி. அந்த மேடே இல்லாத வினைகளும் உண்டு. அயனியும் மூலக்கூறும் மோதும் வினைகளில் பல அப்படிப்பட்டவை. மேகத்துக்குள் புகும் காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியில் பெருவேகத்தில் பாயும் துகள், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. எலெக்ட்ரானை இழந்த அந்த மூலக்கூறு பக்கத்து ஹைட்ரஜனோடு மோதி, மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த நேர்மின் அயனியாகிறது. இந்த அயனிக்கு ஒரே வேலைதான்: எதிரே வருபவரிடம் ஒரு புரோட்டானைத் தள்ளிவிடுவது. பத்து கெல்வினிலும், அதாவது மைனஸ் 263 டிகிரியிலும், அது தடையில்லாமல் நடக்கிறது.

மெத்தனால் கதை வேறு. அது தூசின்மேல் உருவாகிறது. எடையில் அந்த மேகத்தின் நூற்றில் ஒரு பங்குதான் தூசு. ஒவ்வொரு துகளும் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவு. வழிப்போக்கர்களுக்குத் திண்ணை போல, அலைந்து திரியும் அணுக்கள் வந்து உட்கார அங்கே இடம் கிடைக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதன்மேல் பனியாகப் படிகிறது. ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்ட, அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு மெத்தனாலாகிறது. இடையில் மேடு இருக்கத்தான் செய்கிறது. ஹைட்ரஜன் மிக லேசானது என்பதால் மேட்டை ஏறாமல், குவாண்டம் முறையில் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. கற்பனையில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வதனபேயும் கோச்சியும் பத்து கெல்வின் பனியில் ஹைட்ரஜன் அணுக்களைப் பாய்ச்சி, மெத்தனால் உருவாவதை 2002இல் காட்டிவிட்டார்கள். அவர்கள் சில மணி நேரத்தில் செய்ததை மேகம் லட்சக்கணக்கான வருடங்களில் செய்கிறது. அவசரம் ஒன்றுமில்லை அதற்கு.

சாராயம் இருக்கிறது. தனுசு பி2 என்ற மேகத்தில் எத்தனாலை 1975இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சர்க்கரை என்று வந்தது கிளைகோலால்டிஹைடு, சர்க்கரைக்கு உறவான ஓர் எளிய மூலக்கூறு. சுமார் 400 ஒளியாண்டு தொலைவில், ஐராஸ் 16293 என்ற இளம் நட்சத்திரத்தின் அருகே அது இருப்பதை 2012இல் அறிவித்தார்கள். விண்வெளியில் இதுவரை 300க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தெரியவந்துள்ளன. ஆனால் எனக்கு இந்தப் பட்டியலில் பெரிய ஆர்வமில்லை. ஒரு மூலக்கூறு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டி.டபிள்யூ. ஹைட்ரா என்ற நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 ஒளியாண்டு தொலைவில், கோள்கள் உருவாகும் தட்டோடு இருக்கிறது. அந்தத் தட்டில் கார்பன் மோனாக்சைடு எங்கே உறைகிறது என்று அறிய வேண்டும். உறைந்துவிட்டால் அது சுழன்று ரேடியோ அலை வீசாது, நேரடியாகப் பார்க்க வழியில்லை. அங்கேதான் டயசெனிலியம் கைகொடுத்தது. நைட்ரஜன் மூலக்கூறில் ஒரு புரோட்டான் ஒட்டினால் கிடைக்கும் அயனி அது. கார்பன் மோனாக்சைடு வாயுவாக உலவும் இடத்தில் அது பிழைக்காது; புரோட்டானை அதனிடம் பறிகொடுத்துவிடும். ஆகவே டயசெனிலியம் தெரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு பனியாகிவிட்டது என்று பொருள். சிலியின் அடகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்மாவைக் கொண்டு பார்த்தபோது, நடுவில் ஓட்டை விழுந்த வளையமாக அது தெரிந்தது. ஓட்டையின் விளிம்பு, நம் சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் அளவு தொலைவில். 2013இல் சுன்ஹுவா சீயின் குழு இதை வெளியிட்டது. இல்லாத ஒன்றை வைத்து எல்லைக்கோடு போட்ட இந்த வேலை எனக்கு எந்தச் சர்க்கரைச் செய்தியையும்விடப் பெரியது.

என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்கிறது. பேரண்டத்தில் லட்சம் ஹைட்ரஜனுக்கு ஒன்றோ இரண்டோதான் டியூட்டீரியம், அதாவது ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கனமான ஹைட்ரஜன். நம் கடல்நீரில் லட்சத்துக்குச் சுமார் 16. இந்தப் பெருக்கம் கடுங்குளிரில் நடக்கும். ஓரியன் பகுதியில் வி883 என்ற இளம் நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகி, தன் தட்டிலிருந்த பனியை ஆவியாக்கியது. அதனால் அங்குள்ள நீரின் டியூட்டீரிய விகிதத்தை அளக்க முடிந்தது. 2023இல் வந்த முடிவு: அதைவிட இளைய நட்சத்திரங்களைச் சூழ்ந்த நீரிலும், நம் வால்நட்சத்திரங்களின் நீரிலும் உள்ள அளவை ஒட்டியே அது இருக்கிறது. தட்டு உருவாகும்போது நீர் புதிதாகப் பிறக்கவில்லை, மேகத்திலிருந்து அப்படியே கைமாறி வந்திருக்கிறது. நம் கடலிலும் ஒரு பகுதியாவது சூரியனைவிட மூத்தது என்று கருத இது வலுவான ஆதாரம்.

குளிரில் ஏன் பெருகுகிறது என்பதை உங்கள் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். அந்த மூன்று ஹைட்ரஜன் அயனி ஒரு டியூட்டீரியத்தை ஏற்கும்போது கொஞ்சம் ஆற்றல் வெளியாகிறது. கெல்வினில் சொன்னால் சுமார் 230. திரும்பிப் போக அந்த 230ஐக் கட்டியாக வேண்டும். வெப்பநிலையை வினைவேகத்தோடு இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டின் அடுக்குக்குறியில் முதலில் 230ஐ 300ஆல் வகுத்துப் போடச் சொல்லுங்கள். விடை பாதிக்குச் சற்றுக் குறைவாக வரும், அதாவது அறை வெப்பத்தில் திரும்பிப் போவது சுலபம். பிறகு 300க்குப் பதில் 10. ஆயிரம் கோடியில் ஒன்று என்று வரும், அதாவது குளிரில் ஏறிய டியூட்டீரியம் ஏறக்குறைய திரும்புவதேயில்லை.