சுங்கானில் புகைத்துளை மேலே ஏறிவிட்டால்

வீட்டுப் பட்டறையில் முதல் சுங்கான் (புகையிலை பைப்) செய்த வாசகர் ஒருவரின் கேள்வி இது. வெளி உருவத்தை அழகாகச் செதுக்கி முடித்துவிட்டு, அப்புறம் துளை போட்டிருக்கிறார். புகையிலை வைக்கும் குழியிலிருந்து வாய்க்குழலுக்குப் புகை போகும் புகைத்துளை, குழியின் அடியில் சேராமல் 5 மில்லிமீட்டர் மேலே திறந்துகொண்டது. இழுத்தால் களகளவென்று ஈரச் சத்தம், அடியில் இருக்கும் புகையிலை எரிவதே இல்லை. இதைச் சரி செய்யலாமா, அடுத்ததை ஈட்டி மரத்தில் செய்யலாமா என்று கேட்கிறார்.

கையில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். சுருட்டுச் சாம்பலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, களிமண் பதத்துக்குக் குழையுங்கள். புகைத்துளை வழியாக ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) நுழைத்து, அது குழிக்குள் எட்டிப் பார்க்கும் மட்டம் வரை அந்தச் சாம்பலை அடியில் வைத்து விரலால் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியை மெதுவாகத் திருகி உருவினால் துளை புதிய தரையோடு ஒட்டி நிற்கும். உங்களுக்கு மேலே ஏறியது நல்லதாகப் போயிற்று. கீழே இறங்கியிருந்தால் அடிச்சுவர் மெலிந்து, ஒரு நாள் கருகி ஓட்டையே விழுந்திருக்கும்.

அடுத்த முறை கட்டை சதுரமாக இருக்கும்போதே எல்லாத் துளைகளையும் போட்டுவிடுங்கள், செதுக்கல் அதற்குப் பிறகுதான். உருட்டிய கட்டையை வைஸ் நேராகப் பிடிக்காது, அளவு பார்க்க ஒரு நேர்முகமும் மிஞ்சாது. கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் குழியின் நடுக்கோட்டையும் புகைத்துளையின் கோட்டையும் வரைந்து, இரண்டும் சந்திக்கும் புள்ளியைக் குறியுங்கள். முதலில் வாய்க்குழல் செருகும் 8 மில்லிமீட்டர் துளை. கட்டையை அசைக்காமல் துளையிடும் பிட்டை மட்டும் மாற்றி, அதன் நடுவிலிருந்து 4 மில்லிமீட்டர் புகைத்துளையை அந்தப் புள்ளி வரை கொண்டுபோங்கள். மெல்லிய பிட் அடர்ந்த மரத்தில் வழி தவறும் என்பதால் அவசரப்படாமல், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடைசியில்தான் குழி, 19 அல்லது 20 மில்லிமீட்டர் அகலம். சிலர் குழியை முதலில் போடுவார்கள். எனக்கு இந்த வரிசைதான் பிடிக்கும், ஏனென்றால் குழியை இறக்கிக்கொண்டே வரும்போது தரையில் புகைத்துளை கண் திறப்பது தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம். குழி போடும் பிட்டின் முனை உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையான ஸ்பேட் பிட்டைச் சாணையில் பிடித்து விரல்நுனி வடிவத்துக்கு நீங்களே தேய்த்துக்கொள்ளலாம். தட்டை முனை என்றால் தரையோரத்தில் மூலை விழும், எரியாத புகையிலை அங்கேதான் தங்கும்.

ஈட்டி வேண்டவே வேண்டாம். அதன் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும், அப்படிப்பட்ட மரத்துக்குள் நெருப்பு வைத்து வாயில் பிடிப்பது சரியில்லை. எண்ணெய்ப் பசையுள்ள தேக்கும் அப்படித்தான். சுங்கானுக்கு வழக்கமான மரம் பிரையர். அது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா புதரில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே திரளும் முண்டு. அதை அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பிரான்சின் செயின்ட்-குளோட் ஊர் 1850களிலிருந்து இந்தக் கட்டையால்தான் பேர் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரையர் வரத்து நின்றபோது அமெரிக்கர்கள் கலிஃபோர்னியாவின் மன்சனிட்டா புதரின் முண்டைத் தேடிப் போனார்கள், அதாவது மாற்று தேடினாலும் முண்டைத்தான் தேடினார்கள். பிரையர் கட்டுப்படியாகவில்லை என்றால் நன்றாக உலர்ந்த ஆலிவ், செர்ரி, பேரி மரங்களில் பழகலாம், சுவரைச் சற்றுத் தடிமனாக விட்டால் போதும்.

மெருகுக்கு வார்னிஷ் பூசாதீர்கள், சூட்டில் கொப்பளிக்கும். உப்புத்தாளில் 220 எண் தொடங்கி 600 எண் வரை படிப்படியாகத் தேய்த்து, துணிச்சக்கரத்தில் கார்னௌபா மெழுகு (ஒருவகைப் பனையோலை மெழுகு) ஏற்றுங்கள். குழிக்குள் மட்டும் எதுவும் படாமல் வெறும் மரமாகவே இருக்கட்டும்.