சைவக் குறி போட்ட தட்டில் மீன் சாஸ்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் வசிக்கிறோம். அம்மாவின் பிறந்தநாளுக்கு இங்குள்ள ஒரே தாய்லாந்து உணவகத்துக்கு நான்கு பேர் போனோம். சாப்பாடு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாட் தாய் நூடுல்ஸ் ஒரே இனிப்பு, சோறு ஆறிப்போயிருந்தது. அம்மா சுத்த சைவம். மெனுவில் சைவக் குறி போட்டிருந்த 14 பவுண்டு கிரீன் கறியை அவர் பாதி சாப்பிட்டிருந்தபோது வாடை ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டோம். "கொஞ்சம் மீன் சாஸ் சேர்ப்போம்" என்றார் பரிமாறியவர். அம்மா அழுதுவிட்டார். பாதி சாப்பிட்டாயிற்று, பில்லில் கழிக்க முடியாது என்றார் மேலாளர். 104 பவுண்டுக்கு 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜும் சேர்த்து 117 பவுண்டு கார்டில் கட்டிவிட்டு வந்தோம். கோபத்தில் இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து, "ஏமாற்றுக்காரர்கள். சைவம் என்று சொல்லி மீனைக் கொடுக்கிறார்கள். சமையலறையில் எலி ஓடும்" என்று எழுதிவிட்டேன். ஏழு நாளில் நீக்காவிட்டால் அவதூறு வழக்கு என்று உரிமையாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாமா? எழுதியதை நீக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாட் தாயும் ஆறிய சோறும்தான் முதலில் வருகின்றன. என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் அம்மாவின் தட்டு. உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

இனிப்பு அதிகம் என்பது ருசி. அதற்கு நீதிமன்றத்தில் விலை கிடையாது. ஆறிய சோறும் ஒரு மணி நேரக் காத்திருப்பும் கொஞ்சம் கனமானவை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, காசும் கட்டிய பிறகு இதை வைத்துப் பெரிதாக எதுவும் வாங்க முடியாது. விட்டுவிடுங்கள்.

கிரீன் கறி அப்படியல்ல. அதே சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். மெனுவில் இருக்கும் சைவக் குறி அப்படி ஒரு விவரம். மீன் சாஸ் என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிலிட்டு மாதக்கணக்கில் நொதிக்கவைத்து இறக்கும் சாறு. ஒரு கரண்டியோ ஒரு துளியோ, அது மீன்தான். "சைவம்" என்ற சொல்லுக்கு இந்நாட்டுச் சட்டத்தில் வரையறை இல்லையே என்று அவர்கள் வாதாடலாம். மீன் கலந்ததைச் சைவம் என்று எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார்.

இன்னொன்று. உணவகங்கள் தெரியப்படுத்தியே ஆக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் மீனும் ஒன்று. ஆகவே அந்தக் கறிக்கான ஒவ்வாமைப் பட்டியலை அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். அதில் "மீன்" என்று இருந்தால், சைவக் குறி தவறு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இல்லையென்றால் அது அதைவிடப் பெரிய தவறு. மீன் ஒவ்வாமை உள்ள ஒருவர் நாளை அதே மேசையில் உட்காரலாம். தயவுசெய்து அந்த ஒரு காரணத்துக்காகவாவது இதைக் கேட்காமல் விடாதீர்கள். தாய்லாந்துக் கறிக் கலவையில் இறால் விழுதும் சேர்ப்பது உண்டு, அதையும் சேர்த்தே கேளுங்கள்.

பாதி சாப்பிட்டதால் உரிமை போகாது. வாயில் வைக்காமல் எப்படித் தெரியும்? அந்த 14 பவுண்டையும் அதன் மேல் போட்ட சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 15 பவுண்டு 75 பென்ஸைத் திருப்பிக் கேளுங்கள். 117 பவுண்டையும் கேட்டால் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து நழுவிவிடும்.

அம்மாவின் மனவேதனைக்கு? ஒப்பந்தம் மீறப்பட்டதால் வந்த மன வருத்தத்துக்குப் பொதுவாக நஷ்டஈடு கிடையாது. ஆனால் மகிழ்ச்சிக்காகவே செய்த ஒப்பந்தமாக இருந்தால் கேட்கலாம். ஜார்விஸ் என்பவர் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மேல் போட்டு, 1972இல் தீர்ப்பான வழக்கு அதற்கு வழி திறந்தது. சுவிட்சர்லாந்தில் விருந்தும் கூட்டமும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இரண்டாவது வாரம் அந்த விடுதியில் அவர் தனியாக இருந்தார். சுமார் 63 பவுண்டு கட்டிய அவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டு கொடுத்தது. முன்பதிவு செய்யும்போது பிறந்தநாள் என்றும் ஒருவர் சைவம் என்றும் சொல்லியிருந்தீர்களா? சொல்லியிருந்தால் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

சிறு தொகைகளுக்கான எளிய நீதிமன்ற வழக்கு (ஸ்மால் கிளெய்ம்) போட முடியும். ஆனால் கட்டணம் கறியின் விலையைவிட அதிகம் (ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும்). அதனால் முதலில் கடிதம், 14 நாள் அவகாசம், அப்புறம் உங்கள் வங்கியிடம் கார்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை. கூடவே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாக, வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார். உணவைத் தவறாக விவரித்து விற்பது 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் குற்றம். இதைக் கடிதத்தில் ஒரு வரியில் நினைவூட்டுங்கள், மிரட்டும் தொனி வேண்டாம்.

சரி, அவதூறு. இங்கேதான் நீங்கள் கொஞ்சம் இடறியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய மூன்று வரியும் ஒரே மாதிரியானவை அல்ல. மீன் கொடுத்தார்கள் என்பது உண்மை, நால்வர் சாட்சி. 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் உண்மை ஒரு முழுமையான எதிர்வாதம். "ஏமாற்றுக்காரர்கள்" என்பது வேண்டுமென்றே செய்தார்கள் என்ற பொருள் தருகிறது. கவனக்குறைவாகவும் இருந்திருக்கலாமே? எலியை நீங்கள் பார்க்கவில்லை. அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள், காரணம் தேட வேண்டாம்.

மற்றபடி அந்த மின்னஞ்சலுக்குப் பயப்படாதீர்கள். லாப நோக்கில் நடக்கும் நிறுவனம் அவதூறு வழக்குப் போட வேண்டுமானால், கடுமையான பண இழப்பு ஏற்பட்டது அல்லது ஏற்படக்கூடும் என்று காட்டியாக வேண்டும். நேர்மையான கருத்துக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டில் ஒரு இத்தாலிய உணவகம் தன்னைக் கடுமையாக விமர்சித்த நாளிதழ்மேல் வழக்குப் போட்டு 25,000 பவுண்டு வென்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ருசியைப் பற்றிய வார்த்தை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அது எந்த உண்மையின் மேல் நிற்கிறது என்பது தெரிந்தால் போதும்.

இப்படி மாற்றி எழுதுங்கள்: "சைவக் குறி போட்ட கிரீன் கறியை என் அம்மா பாதி சாப்பிட்ட பிறகுதான் அதில் மீன் சாஸ் இருப்பதாகப் பரிமாறியவர் சொன்னார். பில்லில் கழிக்க மறுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம், சோறு ஆறியிருந்தது. எங்களுக்கு மிகவும் ஏமாற்றமான மாலை." ஒரு நட்சத்திரம் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இப்படி இன்னொரு முறை நடந்தால் மேசையிலேயே பேசுங்கள். சர்வீஸ் சார்ஜ் விருப்பத்துக்கு உட்பட்டது என்று மெனுவில் இருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். தகராறில்லாத தொகையைக் கட்டி, மீதியை ஏன் கட்டவில்லை என்று எழுதி, உங்கள் பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். பணம் கட்டாமல் நழுவுவது 1978ஆம் ஆண்டு திருட்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் குற்றம்தான், ஆனால் அதற்கு நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். காரணத்தையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தவரிடம் அதை நிரூபிப்பது கடினம்.

உரிமையாளரின் மின்னஞ்சலுக்குப் பதிலாக, திருத்திய விமர்சனத்தையும் 15 பவுண்டு 75 பென்ஸ் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். பில்லின் படமும், சைவக் குறி தெரியும் மெனுவின் படமும் அதோடு போகட்டும். மெனுவை அவர்கள் மாற்றுவதற்கு முன் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.