ஓடும் மினியா, நிற்கும் மினியா?

பிரிட்டனின் பழைய சின்னக் காரான 'மினி'யை வாங்கத் துடிக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது. அவர் கண்ணில் இரண்டு வண்டிகள் பட்டிருக்கின்றன. ஒன்று 1974 மாடல் மினி 1000. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, புதுப் பெயிண்ட் மினுமினுக்கிறது. இன்னொன்று 1977 மாடல்; பல வருடங்களாக ஷெட்டிலேயே நிற்கிறது, எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது, பெயிண்ட் வெளுத்துவிட்டது, ஆனால் துரு அதிகம் தெரியவில்லை. "ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. எதை எடுப்பது? பாகங்கள் கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

நிற்கிற வண்டியை எடுங்கள். நேரில் போய்ப் பார்த்த பிறகு என் பதில் மாறலாம், ஆனால் மாறினால் அது பாடியைப் பார்த்துத்தான் மாற வேண்டும், எஞ்சினைப் பார்த்து அல்ல.

காரணம் எளிது. மினியில் தனியாகச் சேஸிஸ் கிடையாது. வளைத்து ஒட்டிய தகரம்தான் வண்டியின் எலும்பும் தோலும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சப்ஃபிரேம்கள் அதில் போல்ட் போட்டு மாட்டியிருக்கின்றன. எஞ்சினும் சக்கரங்களும் அவற்றில் உட்கார்ந்திருக்கின்றன. போல்ட் போட்டு மாட்டிய எதையும் நீங்களே கழற்றி மாற்றலாம். வெல்டிங் அடித்த எதையும் மாற்ற இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கைக்குக் கொடுக்கும் கூலி, எஞ்சின் ஓவர்ஹால் செலவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

புதுப் பெயிண்ட் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். விற்கப் போகிற வண்டிக்கு ஒருவர் பெயிண்ட் அடித்தால், அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் நழுவும்.

முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில். அங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே அகலமான புதுத் தகரத்தைப் போர்த்தி வெல்டிங் அடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு. உள்ளே பழைய துரு நிம்மதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். படுத்து அடியில் எட்டிப் பாருங்கள். சரியான சில்லின் ஓரம் தரைத் தகரத்தின் விளிம்போடு முடிந்துவிடும். போர்த்தியது தரைக்கு அடியில் வெகுதூரம் உள்ளே வந்திருக்கும். தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

அடுத்து பின் சப்ஃபிரேம். மினியில் இது துருப்பிடிப்பது ஊரறிந்த விஷயம், அதற்காகப் பயப்பட வேண்டாம். புதிதாகக் கிடைக்கும், கழற்றி மாற்றலாம். பயப்பட வேண்டியது அது மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்து. பின் சீட்டுக்குக் கீழே குறுக்காக நிற்கும் தகரம் மெத்தென்று அமுங்கினால் அது பாடி வேலை, பெரிய வேலை. டிக்கியில் தரைப் பாயைத் தூக்கி பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். ஆசிட் சொட்டி ஓட்டையாகியிருக்கலாம். முன்பக்கத்தில் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள சிறு பட்டையையும், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கடைசியாக இரண்டு கதவுகளையும் திறந்து மூடுங்கள். கீல் ஆடாமலேயே கதவு தொங்கினாலோ, இடைவெளி மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி இருந்தாலோ, பாடி வளைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இனி இறுகிய எஞ்சின். அது உண்மையிலேயே இறுகித்தான் இருக்கிறதா? அந்தக் கால மினி ஸ்டார்ட்டரின் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லில் சிக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்போதும் எஞ்சின் அசையாது, பார்ப்பவர் 'போச்சு' என்று சொல்லிவிடுவார். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பாருங்கள். பேரம் பேசும்போது இதை விற்பவரிடம் சொல்லத் தேவையில்லை!

அதன் பிறகும் சுற்றவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வேறு வண்டியில் கட்டி இழுத்து எஞ்சினைச் சுற்ற வைக்க முயல வேண்டாம். சிலிண்டர் சுவரோடு ஒட்டிய பிஸ்டன் ரிங் உடையும், நல்ல சிலிண்டரும் கீறிப்போகும். எதற்கும் மசியாவிட்டால் எஞ்சினை இறக்கி, சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதான். அதுவும் உலகம் முடிகிற விஷயம் அல்ல. இந்த ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது, அதன் பிறகு எத்தனையோ கார்களில் ஓடியது. 1980இல் வந்த ஆஸ்டின் மெட்ரோவின் எஞ்சின்கூடச் சின்னச் சின்ன மாற்றங்களோடு மினியில் உட்கார்ந்துவிடும்.

அப்படியும் மனம் ஓடுகிற வண்டிப் பக்கமே சாய்கிறது என்றால், 'நன்றாக ஓடுகிறது' என்ற சொல்லைச் சோதித்துவிடுங்கள். மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே எண்ணெய். வடிகால் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதில் பசை மாதிரிக் கறுப்புத் தூள் இருந்தால் சகஜம், நகம் போல உலோகத் துணுக்கு இருந்தால் கியர் பாக்ஸ் தேய்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்று கேட்டால் சக்கர மூட்டு போய்விட்டது.

பாகங்கள் கிடைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு பழைய சின்னக் காருக்கு உதிரிபாகம் கிடைப்பதும் கிடைக்காததும், அது எத்தனை வருடம் தயாரானது, எவ்வளவு எண்ணிக்கையில் தயாரானது என்பதைப் பொறுத்தது. மினி 1959 முதல் 2000 வரை, 53 லட்சத்துக்கும் மேல். அதனால் இயந்திர பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே பாடித் தகரங்களையும் முழுப் பாடியையும்கூடச் செய்து தருகிறது. ஃபியட் 500 (1957–1975) வைத்திருப்பவர்களுக்கு அதே குடும்பத்து ஃபியட் 126 கைகொடுக்கிறது. சிட்ரோயன் 2சிவியின் சேஸிஸே புதிதாகக் கிடைக்கும். பீட்டில் 2003 வரை மெக்சிகோவில் தயாரானதால் அதற்கும் பஞ்சமில்லை. சில ஆயிரம் மட்டுமே தயாரான காரைக் காதலிப்பவர்தான் பாவம்.

ஆனால் 'மினி, 1977' என்று மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். 1973இல் கியர் மாற்றும் அமைப்பு மாறியது. 1984இல் சக்கரம் 10 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகி, முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. அதோடு, இத்தனை வருடத்தில் உங்கள் வண்டிக்குள் எந்த எஞ்சின் வந்து உட்கார்ந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்? எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 99எச் என்று ஆரம்பித்தால் 998 சிசி, 85எச் என்றால் 848 சிசி. இரும்பு வார்ப்பிலேயே பொறித்திருக்கும் எண் வார்ப்பு எண்தான், பாக எண் அல்ல. சிலிண்டர் ஹெட்டில் 12ஜி940 என்று இருந்தால் அது 1275 சிசி குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியும், ஆனால் அந்த எண்ணை வைத்து ஹெட் வாங்கினால் வேறு வால்வு அளவுள்ளது வந்து நிற்கலாம்.

கழற்றிய பழைய பாகத்தைப் புதியது சரியாகப் பொருந்தி ஓடும் வரை குப்பையில் போடாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பவர் குறைவு. இப்போது வரும் புதுத் தயாரிப்புகளில் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகள், ஸ்பார்க் தரும் அமைப்பில் உள்ள கண்டென்சர், ரோட்டர் ஆர்ம் மூன்றிலும் மலிவானதைத் தொடாதீர்கள். பழைய கார்புரேட்டர், வைப்பர் மோட்டார் போன்றவற்றை மாற்றுவதைவிடப் பிரித்துச் சரி செய்வது நல்லது. அந்தக் காலத்து உலோகம் இன்றும் பேசும். அந்தக் காலத்திலேயே செய்து பிரிக்காமல் பெட்டியில் கிடக்கும் சரக்கு வந்தால், உலோகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பராக இருந்தால் வேண்டாம். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும்.

உண்மையில் தலைவலி தருவது பெரிய பாகங்கள் அல்ல. அந்த வருடத்துக்கே உரிய சுவிட்ச், சீட் துணி, ஹீட்டர் குமிழ், மூலைப் பட்டை என்று கைக்குள் அடங்கும் சாமான்கள்தான். ஷெட்டில் நிற்கும் வண்டியில் இவையெல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஷெட்டின் மூலையில் ஏதாவது பெட்டி இருந்தால் அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

வாங்கியதும் அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்தும், அந்த ஏறக்குறையதான் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

வேலையை பிரேக்கில் ஆரம்பியுங்கள், எஞ்சினில் அல்ல. இத்தனை நாள் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரம் குடித்து, சக்கர சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். டிரம்மின் அட்ஜஸ்டர்கள் அசையாது. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பார்க்காமலேயே மாற்றிவிடுங்கள். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அதை வடித்து, டேங்க்கைக் கழுவி, பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டயர் பளபளவென்று இருந்தாலும் வயது பார்த்து மாற்ற வேண்டியதுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு இரண்டு விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் என்பதால், வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட் தேயும். ஹெட்டை எப்படியும் இறக்குகிறீர்கள் என்றால் அப்போதே கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஈயத்துக்கு மாற்றான சேர்மானத்தைப் பெட்ரோலில் கலக்க வேண்டும். அப்புறம் எண்ணெய்: கியர் பற்களும் சேர்ந்து அரைப்பதால் சீக்கிரம் நீர்த்துப்போகும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, 5000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். புதிதாகக் கட்டிய எஞ்சினில் முதல் மாற்றம் 800 கிலோமீட்டருக்குள் வேண்டும்.