வாசகர் கேள்வி: ஆணிப்பட்டி எந்தப் பக்கம் சாய வேண்டும்?

கேள்வி (ஆரையம்பதி): முன்னறைக்குச் சுவரோடு சுவராகக் காபட் விரித்தோம். ஓரங்களில் ஆணிப்பட்டியை நாங்களே அடித்தோம். ஒரு மாதத்துக்குள் நடுவில் சுருக்கம் விழுந்து, ஒரு மூலையும் கழன்றுவிட்டது. பட்டி தரமில்லாததா?

பதில்: பட்டியைக் குறை சொல்ல முன், கழன்ற மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஓர் அங்குல அகலப் பலகைக் கீலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிற்றாணிகள் சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காபட் எப்போதும் அறையின் நடுவை நோக்கித்தான் இழுக்கும். ஆணி எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் தூண்டிலில் மீன் மாட்டியது போலக் கொளுவி நிற்கும். அறைப் பக்கம் சாய்ந்திருந்தால் நடக்க நடக்க வழுகி வந்துவிடும். சில பட்டிகளில் சுவர்ப் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது இடைவெளி. பட்டியைச் சுவரோடு ஒட்டி அடித்திருந்தால் காபட்டின் ஓரத்தைச் செருக இடமே இருக்காது. காபட்டின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு விடுங்கள். சாதாரண வீட்டுக் காபட்டுக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரும். கீழே விரிக்கும் மெத்தைத் தாள் பட்டியின் உள் விளிம்போடு நின்றுவிட வேண்டும். அது பட்டிக்கு மேலே ஏறினால் ஆணி காபட்டை எட்டாது.

நடுவில் விழுந்த சுருக்கத்துக்குக் காரணம் இழுவை போதாமை. கையால் இழுத்தது இழுவையே அல்ல. முழங்காலால் இடிக்கும் கிக்கர் ஓரத்தைக் கொளுவத்தான் உதவும். அறைக்குக் குறுக்கே நீட்டி இழுக்கும் கருவி வேறு. வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். செயற்கை நூல் காபட்டுக்கு 1 முதல் 1.5 வீதம் வரை இழுவை வேண்டும், அதாவது 14 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம். முதல் நாளே அறையில் விரித்து வைத்து, ஒரு மூலையையும் அதையொட்டிய இரண்டு சுவர்களையும் கொளுவிவிட்டு, எதிர்ச் சுவர்களை நோக்கி இழுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கழன்றால் காபட்டைப் புரட்டிப் பாருங்கள். முதுகுப்புறம் சாக்குப் போல நெய்ததாக இருந்தால் ஆணி பிடிக்கும். ஸ்பொஞ் ஒட்டிய காபட் என்றால் கிழிந்துகொண்டே போகும். அதற்கு ஆணிப்பட்டி சரிவராது, பசைதான்.

கேள்வி (கல்முனை): 12க்கு 14 அடி அறைக்கு எத்தனை பட்டி வேண்டும்? சீமெந்துத் தரையில் ஆணி அடித்தால் பொரிந்து கிளம்புகிறதே.

பதில்: சுற்றளவு 52 அடி. வாசலுக்கு 3 அடியைக் கழித்தால் 49. பட்டி 4 அடி நீளம் என்றால் 13 போதும். வெட்டுச் சேதத்துக்கு ஒன்றைக் கூட்டி 14 வாங்குங்கள். வாசலில் பட்டிக்குப் பதிலாக உலோகக் கதவுப் பட்டை வரும். எவ்வளவு சிறிய துண்டாக வெட்டினாலும் தரையில் பிடிக்க இரண்டு ஆணியாவது இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால் துண்டு சுழலும்.

மரத்தரைக்கான பட்டியும் கொங்கிறீற் தரைக்கான பட்டியும் வேறு வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். பூச்சுத் தரை பொரிந்தால் அந்த இடத்தில் மீண்டும் அடிக்காதீர்கள். துளையிட்டு பிளக் செருகி ஸ்குறூ பூட்டுங்கள். டைல்ஸ் தரையில் ஆணியே வேண்டாம். தரையைத் துடைத்துக் காயவிட்டுக் கட்டுமானப் பசையால் ஒட்டி, பசை முழுதாக இறுகிய பிறகே காபட்டை இழுங்கள். சீமெந்து ஆணி தெறிக்கும், கண்ணாடி போட மறக்க வேண்டாம்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): செற்றிக்குத் துணி மாற்றுகிறேன். பின்பக்கத்தில் ஆணி தெரியாமல் அடிக்க என்று கடையில் மட்டைப் பட்டியும், ஆணி வைத்த தகரப் பட்டியும் தந்தார்கள். எது எங்கே?

பதில்: மட்டைப் பட்டி மேல் விளிம்புக்கு, தகரப் பட்டி இரு பக்கங்களுக்கு. இரண்டையும் இடம் மாற்ற முடியாது.

பின்பக்கத் துணியை நல்ல புறம் சட்டத்தைப் பார்க்கும்படி, செற்றியின் முன்பக்கமாகத் தொங்கவிடுங்கள். வெட்டு விளிம்பு மட்டும் பின்சட்டத்தின் மேற்கட்டையில் இருக்கட்டும். அதன்மேல் அரை அங்குல மட்டைப் பட்டியை மேல் கோட்டோடு சரியாக வைத்து, அங்குலத்துக்கு ஒரு ஸ்ரேப்பிள் வீதம் அடியுங்கள். பிறகு துணியைப் பின்னால் புரட்டிவிட்டால் நூல் பிடித்தது போன்ற விளிம்பு வரும். மட்டையில்லாமல் அடித்தால் ஒவ்வொரு ஸ்ரேப்பிளும் துணியை உள்ளே இழுத்து, விளிம்பில் பல் பல்லாகக் குழி தெரியும். செற்றிக் கடைகளில் கூட இந்தக் குழிகளைக் காணலாம். பட்டிக் காசை மிச்சம் பிடித்த வேலை.

பக்கத்துக்குத் துணியில் இரண்டு சென்ரிமீற்றர் மிகுதியாக விட்டு, தகரப் பட்டியின் மேல் உட்புறமாக மடியுங்கள். ஆணி முனைகள் துணியைத் துளைத்துச் சட்டத்தைப் பார்க்கட்டும். விளிம்போடு நேர்பார்த்து இறப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து இரு முனைக்கும் தட்டிக்கொண்டு போங்கள். இரும்புச் சுத்தியல் என்றால் தலையில் தடித்த துணி சுற்றுங்கள். தேக்கு, முதிரைச் சட்டத்தில் ஆணி வளையும். துளையூசியால் முதலில் குறி போட்டு அடியுங்கள். கீழ் விளிம்பைச் சட்டத்தின் அடியில் இழுத்து ஸ்ரேப்பிள் செய்தால் முடிந்தது.

வளைந்த முதுகு என்றால் இந்த நேர்ப் பட்டி உதவாது. பல்லுள்ள, வளையும் தகரப் பட்டி கேளுங்கள். அதன் வாய்க்குள் செருகும் துணி ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கூடினால் வாய் மூடாது.

கேள்வி (பொத்துவில்): கடற்கரை வீட்டில் இருந்த காபட்டைத் தூக்கினால் ஓரமெல்லாம் செந்நிறக் கோடு. ஏன்?

பதில்: ஆணிகளின் கறள். உப்புக் காற்றோடு தரை ஈரமும் சேர்ந்தால் ஆணி கறள் பிடிக்கும், பலகைக் கீலமும் உப்பிப் பிளக்கும். புதிதாக அடிக்க முன் இரண்டு அடி சதுரப் பொலித்தீனைத் தரையில் நான்கு பக்கமும் ரேப்பால் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கீழே வியர்த்திருந்தால் அந்த அறைக்கு ஆணிப்பட்டி வேண்டாம். கச்சான் காலத்தில் காய்ந்து காட்டும் தரை மாரியில் வியர்க்கும், ஆகவே மாரியில் ஒருமுறை சோதித்த பிறகே முடிவெடுங்கள். அதுவரை, தூக்கி வெயிலில் போடக்கூடிய தனி விரிப்பு போதும்.