ரோசா பார்க்ஸ் வெறும் களைப்பால்தான் எழுந்திருக்கவில்லையா?

இல்லை. கால் வலியோடு வீடு திரும்பிய தையல்காரம்மா என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தபோது, கறுப்பினப் பெண்ணான அவருக்கு வயது 42. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே அலுத்துப்போயிருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

அந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. 1943இலிருந்தே கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிவைப்பது அவர் வேலைகளில் ஒன்று. 1944இல் ரீசி டெய்லர் என்ற இளம்பெண் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானபோது, ஆபிவில் ஊருக்கே நேரில் போய் விசாரித்தார். (கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான்.) அப்புறம், அவர் கைதானதையொட்டித் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.